உனக்குப் பதிலாக நான் நிரப்பிய படிவம்

பாபு,

நீ வேலை முடிந்து வந்து இதைப் பிரிக்கும்போது நான் அடி அண்ணாமலையில் உன் அத்தை வீட்டில் இருப்பேன். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டேன், போன் செய்து கேட்காதே. இந்தக் கடிதத்துக்கு இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பிரதியோடு எதையும் எழுத வராது. ஒன்று உனக்கு. இன்னொன்றை நாளைக்கு உன் அத்தை முன்னாலும், உன் அம்மாவின் அண்ணன் முன்னாலும், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நம்மோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் படிக்கப் போகிறேன். அவர்களை எல்லாம் உன் அத்தை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை. உன் கல்யாணப் பேச்சு என்று நினைத்துச் சந்தோஷமாக வருவார்கள், பாவம்.

போன வாரம் புனேயிலிருந்து உனக்கு வேலைக்கான கடிதம் வந்தது. நீ அதை என்னிடம் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கு, "வேணாம்பா. உங்கள யாரு பாத்துப்பாங்க" என்றாய். நான் விடவில்லை. எனக்கு ஒரு வியாதியும் இல்லை, சோறு வடிக்கத் தெரியும், பேசத் துணை வேண்டுமென்றால் எதிர்வீட்டுக்காரர் போதும் என்றெல்லாம் சொன்னேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமல், "நான் போயி நல்லா இருந்தா அது நியாயமாப்பா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு வெங்காயத்தை வாணலியில் போட்டாய். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உப்பு கம்மியா என்று கேட்டாய். நியாயமா என்ற அந்தக் கேள்விக்கு நான் ஆறு வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதுதான் எனக்குச் சொல்லச் சுலபமாக இருக்கிறது, அதனால்தான் முதலில். உன் அம்மா போய் ஒரு வருஷம் கழித்து எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்தாள். சைக்காலஜி படித்துக்கொண்டிருந்தாள். பெரிய துக்கத்துக்குப் பிறகு மனுஷர்கள் எப்படி மாறுகிறார்கள், நல்லபடியாக எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று அளந்து பார்ப்பது அவள் ஆராய்ச்சி. ஆளுக்கு ஒன்றாக இரண்டு படிவம் கொடுத்தாள். 'என் மனவலிமை கூடியிருக்கிறது', 'உறவினரோடு நெருக்கம் கூடியிருக்கிறது', 'ஆன்மிக நாட்டம் கூடியிருக்கிறது', இப்படி வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் கட்டங்கள், 'இல்லவே இல்லை' என்பதில் தொடங்கி 'மிக அதிகம்' வரைக்கும். நீ அப்போது வேலைக்குப் போயிருந்தாய். நான் பேனாவை எடுத்து என்னுடையதை முடித்தேன். கையோடு உன்னுடையதையும் எடுத்தேன்.

அந்தப் பெண் பதறிவிட்டாள். "அங்கிள், அத அவங்களே தான் ஃபில் பண்ணணும்" என்றாள். "எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியப் போவுது? குடும்பத் தலைவர் போட்டா போதும்மா" என்றேன். சிரிக்காதே, உண்மையிலேயே அப்படித்தான் சொன்னேன். ரேஷன் கார்டிலிருந்து உன் காலேஜ் அப்ளிகேஷன் வரைக்கும் இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் நான்தானே நிரப்பியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு அழகாகக் கையெழுத்துப் போட வரும். அவள் பெயரையும் நானே எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்துக் கொடுப்பேன், இங்கே போடு என்று. அந்தப் பழக்கத்தில் உன் மனசையும் நானே நிரப்பினேன். எல்லாக் கட்டத்திலும் கடைசிக் கட்டம். மிக அதிகம், மிக அதிகம் என்று கை நிற்கவே இல்லை. கீழே உன் கையெழுத்தையும் நானே போட்டேன். சில வாரம் கழித்து அந்தப் பெண் வந்து, "உங்க பையன் உங்களவிட ரொம்ப ஜாஸ்தி மார்க் அங்கிள்" என்று விளையாட்டாகச் சொன்னாள். நான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானே எழுதிய விடைத்தாளுக்கு நானே மார்க்கைக் கேட்டுப் பூரித்துப் போன கூத்து அது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. மனவலிமைக்கு எதிரில் போடும்போது உன் அம்மாவின் காரியத்தன்று நீ பந்தியில் நின்று பரிமாறியதை நினைத்துக்கொண்டேன். இருபது வயதுப் பையன், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உறவினரோடு நெருக்கம் என்ற இடத்தில் நம் சண்டைகளை நினைத்தேன். அதற்கு முன்னால் நாம் எதற்குத்தான் சண்டை போடவில்லை? உன் தலைமுடிக்கு, உன் வண்டி சத்தத்துக்கு, அரியருக்கு. நீ கதவை அடித்துச் சாத்துவாய், உன் அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தட்டோடு நிற்பாள். அவள் போன பிறகு ஒரு நாள்கூட நீ என்னை எதிர்த்துப் பேசவில்லை. நான் அநியாயமாகத் திட்டினால்கூட "சரிப்பா" என்றாய். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அவர்களைவிட உரக்கச் சொன்னேன். உன் சிநேகிதர்கள் ஒவ்வொருத்தராக வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அதையும் நான் பொறுப்புக் கணக்கில்தான் சேர்த்தேன்.

ஆன்மிகத்துக்குப் போட்டதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நீ செருப்பில்லாமல் கிரிவலம் போகிறாய். மழையானாலும் ஜுரமானாலும் தவறவில்லை. அண்ணாமலையார் என் பையனைக் கையைப் பிடித்து நடத்துகிறார் என்று நான் நம்பினேன். வீட்டிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். போன மாசம் உன் அத்தைதான் என் தலையில் அடித்த மாதிரி சொன்னாள். "அண்ணா, அவன் சாமி கும்புடவா வரான்னு நெனச்சினு இருக்க? கோயிலாண்ட போறதே இல்ல. அண்ணி விழுந்த எடத்துல ரோட்டோரமா ஒக்காந்துனு இருக்கான். அவ்ளோ ஜனம் போவுது, வருது, இவன் மண்ணப் பாத்துனு இருக்கான். நான் கூப்ட்டா, சும்மா காலு வலிக்குது அத்தன்னு எழுந்து போயிடுறான்." ஜெயிலில் ஒழுங்காக இருக்கிற கைதியை வளர்ந்துவிட்டான் என்று மெச்சிய ஆள் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தத் தண்டனையைக் கொடுத்தது யார் என்பது எனக்கு முன்பே தெரியும்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பாதியை விட்டுவிடுகிறேன். உன் அத்தை பேத்திக்குக் காது குத்தல். முதல் நாளே போய் ஒத்தாசை செய்ய வேண்டுமென்று உன் அம்மா உன் வண்டியில் கிளம்பினாள். கிரிவல ரோட்டில் எதிரில் பஸ் வர, நீ ஓரம் ஒதுங்க, ஓரத்தில் நெல் காயப்போட்டிருக்க, வண்டி சறுக்கியது. நீ வேகமாகவே போகவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைச் சொன்னார்கள். உனக்கு முழங்கையில் தோல் வழன்றது. அவளுக்குத் தலையில் அடி.

உனக்குத் தெரியாத பாதி காலையில் நடந்தது. என் செக்ஷனில் இருந்த ஒருவருக்கு வண்டி ரிப்பேர். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்த வாரம் வேங்கிக்கால் ரோட்டில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் இருக்கிறதா என்று போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஆணியில் அவளுடைய மெரூன் ஹெல்மெட் மாட்டியிருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போனேன். பாபு, நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவள் அன்றைக்குக் கிளம்புவது எனக்குத் தெரியும். முதல் நாள் சாப்பிடும்போது சொன்னாள், நானும் சரி என்றேன். காலையில் அது ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தாலும், பக்கத்தில்தானே போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். அவ்வளவு யோக்கியனாக என்னை நான் காட்டிக்கொள்ள விரும்பவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் மாமா, அத்தை, அவள் வீட்டுக்கு விசேஷத்துக்கு வந்த ஜனம் எல்லாரும் நின்றார்கள். நான் உன் தோளைத் தொடவில்லை. உனக்கு அடிபட்டிருக்கிறதா என்று கேட்கவில்லை. "அம்மாவுக்கு ஹெல்மெட் குடுக்கலியாடா?" என்று கேட்டேன். கேட்டபோது எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. ஆபீஸிலிருந்து யாரோ காரில் கூட்டி வந்தார்கள், என் வண்டி ஆபீஸிலேயே நின்றது. நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "தேடனேன்பா. காணல. யாருக்கோ குடுத்துட்டேன் போலருக்குப்பா" என்றாய். நீ சிநேகிதர்களுக்கு அதை இரவல் கொடுப்பதும், அம்மா அதற்காக உன்னைத் திட்டுவதும் வழக்கம்தானே. நீ 'காணல' என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் அதை நான் அவரிடம் நீட்டியது, அவர் தலைக்குப் பட்டை போதாமல் இழுத்து மாட்டியது, எல்லாம். உன் மாமா, "எத்தினி வாட்டி சொல்லியிருப்பா உன்கிட்ட" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். யாரைக் கும்பிட்டாய் என்று தெரியவில்லை, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாய். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். திறக்கவில்லை. உன் மாமா உன்னோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார். நான் அவரைச் சமாதானப்படுத்தி, "சின்னப் பையன், விடுங்க மச்சான்" என்று உனக்காக மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டு நீ என் காலில் விழுந்தாய். நான் உன்னைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன்.

ஐந்தாம் நாள் வண்டியை எடுக்க ஆபீஸுக்குப் போனேன். சீட்டுக்குக் கீழே கொக்கியில் அந்த ஹெல்மெட் பூட்டியபடியே தொங்கியது. உள்ளே அவள் தலைமுடி இரண்டு இழை. வீட்டுக்குக் கொண்டுவரத் தைரியம் இல்லை, தூக்கி எறியவும் மனசு வரவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம், "வெச்சுக்கோங்க, வீட்டுல ஜாஸ்தியா இருக்கு" என்று கொடுத்தேன். அந்த நல்ல மனுஷர் நான் ரிட்டையர் ஆகும் வரைக்கும் தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். தினமும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்வார். நான் நின்று பதில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவேன். நாலு வருஷம். எனக்கு வேண்டிய தண்டனைதான் அது, ஆனால் அது போதாது. நீ அனுபவித்ததில் கால்வாசிகூட அது ஆகாது.

போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் இல்லை, கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பார் என்று பயம். தெரிந்தது இவ்வளவுதான்: அவள் தலையில் இருந்திருக்க வேண்டியதை எடுத்தது நான், அதை யாருக்கோ கொடுத்தவன் நீ என்று ஊரை நம்பவிட்டவனும் நான், உன்னையே நம்பவைத்தவனும் நான். உன்னைப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் செய்தேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அவளும் போய், நீயும் என்னை வெறுத்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு வேறு. நீ சொன்னபடி கேட்டாய். சூடாகச் சமைத்துப் போட்டாய். கால் பிடித்துவிட்டாய். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல மகன் எனக்கு வாய்த்ததில்லை. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணை நேற்றுப் பார்த்தேன். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். உன் படிவத்தைப் பற்றிய விஷயத்தை அவளிடம் ஒப்புக்கொண்டேன், கையெழுத்தும் நான் போட்டதுதான் என்று. கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எனக்கு அப்பவே தெரியும் அங்கிள். அத நான் சேக்கவே இல்ல, தனியா எடுத்து வெச்சிட்டேன். சும்மா உங்க சந்தோஷத்துக்குச் சொன்னேன்" என்றாள். பிறகு, "அண்ணன் எப்டி இருக்காரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியல என்றேன். ஆறு வருஷத்தில் உன்னைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அதுதான். என்னுடைய படிவத்தையும் நினைத்துப் பார்த்தேன். நடுக் கட்டங்களாகப் பார்த்துப் போட்டிருந்தேன், அடக்கமாக இருக்கட்டும் என்று. எவ்வளவு வளர்ந்தாய் என்றுதான் அதில் கேட்டிருந்தது. எவ்வளவு குறுகிப்போனாய் என்று கேட்க ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் அங்கே மட்டும் நான் யோசிக்காமல் கடைசிக் கட்டத்தில் போட்டிருக்கலாம்.

அப்பா என்று உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை, கேட்டுக்கொள். நல்ல பையன் என்று நாலு பேர் சொன்னால் உடனே சந்தேகப்படு. அவர்களுக்குச் சௌகரியமாக இருக்கிறாய் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். துக்கம் உன்னை வளர்த்ததா, தேய்த்ததா என்று யார் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டியதில்லை. உனக்கே தெரிய நாளாகும். வளர்ந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. சில பேர் அப்படியே நிற்கிறார்கள், அதிலும் குற்றம் இல்லை. உனக்குக் குழந்தை பிறந்தால், அது விழுந்து அடிபட்டு வரும்போது முதலில் வலிக்கிறதா என்று கேள். ஏன் விழுந்தாய் என்பதை அப்புறம் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

எனக்குச் சோறு போட்டதெல்லாம், கால் பிடித்ததெல்லாம் உன் அம்மாவுக்குச் செய்கிற பரிகாரம் என்று நினைத்துச் செய்தாய். உன் தலையில் ஒரு பாவமும் இல்லாதபோது எதற்குப் பரிகாரம்? அதையெல்லாம் நான் ஏமாற்றி வாங்கித் தின்றிருக்கிறேன். இனிமேல் உன் கையால் ஒரு வாய் சாப்பிட எனக்கு முகம் இல்லை. புனேக்குப் போ. என்னை மன்னித்துவிட்டுப் போ என்று கேட்கமாட்டேன். மன்னிக்காமல் போ, கரித்துக்கொட்டிக்கொண்டே போ, எப்படியாவது போ. அங்கே யாரோடாவது சிரித்துப் பேசும்போது நடுவில் நிறுத்திக்கொள்ளாதே. நீ நன்றாக இருந்தால் அது நியாயம். உன் மாமா முன்னாலும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அதை நான் நாளைக்குச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குத் திரும்புவேன். நீ இருந்தால், "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே, என்னால் தாங்க முடியாது. முன்பு மாதிரி கத்து. கதவை அடித்துச் சாத்து. தெருவே கேட்கட்டும். நீ இல்லாமல் வீடு பூட்டியிருந்தால் சந்தோஷப்படுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படியில் உட்கார்ந்து அழுவேன். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து உனக்குப் போன் செய்வார், அப்பா அழுகிறார் என்று. நீ எடுக்காதே.

அப்பா